பிகேடி: ஒரு பிரதி கெட்டாலே போதுமென்றால், மற்ற நெஃப்ரான்கள் எப்படித் தப்பிக்கின்றன?

ஜனவரி 12, இரவு 9.40 – மணற்கேணி

தலைமுறை தவறாமல் வரும் நீர்க்கட்டிச் சிறுநீரகத்தை (ஏடிபிகேடி) "டாமினன்ட்" என்கிறார்கள். அப்பா அம்மா கொடுக்கும் இரண்டு ஜீன் பிரதிகளில் ஒன்று கெட்டாலே நோயாம். அந்தக் கெட்ட பிரதி கருவிலேயே வந்துவிடுகிறது, உடம்பின் எல்லா செல்லிலும் இருக்கிறது. இரண்டு கிட்னிக்கும் சேர்த்து ஏறக்குறைய இருபது லட்சம் நெஃப்ரான் (ரத்தத்தை வடிகட்டிச் சிறுநீராக்கும் நுண்குழாய்). எல்லாமே கட்டியாக வேண்டுமே? நூற்றுக்கு ஒன்றிரண்டில்தான் கட்டி வருகிறது என்று படித்தேன். அதுவும் முப்பது நாற்பது வயதுவரை சத்தமே இல்லை. டாமினன்ட் என்ற சொல்லே இங்கே பொய் என்பது என் வாதம். மறுக்க முடிந்தவர் மறுக்கலாம்.

ஜனவரி 12, இரவு 11.15 – கல்லுப்பு

பொய் இல்லை, ஆனால் பாதிதான் உண்மை. டாமினன்ட் என்பது வம்சாவளிப் படத்தைப் பார்த்துச் சொல்லும் சொல். பாட்டி, அப்பா, பிள்ளைகளில் பாதிப்பேர் என்று நோய் இறங்குவதால் அந்தப் பெயர். செல்லுக்குள் எட்டிப் பார்த்தால் கதை தலைகீழ்.

பிகேடி1 ஜீன் 16ஆம் குரோமோசோமில், பிகேடி2 4ஆம் குரோமோசோமில். 1994இல் முதலாவது பிடிபட்டது, 1996இல் இரண்டாவது. நோயுள்ள குடும்பங்களில் முக்கால்வாசிக்குச் சற்று மேல் பிகேடி1, ஏறக்குறைய 15 சதவீதம் பிகேடி2. பிறக்கும்போது ஒரு பிரதி கெட்டிருக்கிறது, இன்னொன்று வேலை செய்கிறது. அந்த ஒன்றை வைத்தே நெஃப்ரானின் குழாய் செல் சமாளித்துக்கொள்கிறது. வருடங்கள் ஓட ஓட எங்கோ ஒரு செல்லில் நல்ல பிரதியும் அடிவாங்குகிறது. அந்த ஒரே செல் பெருகி ஒரு நீர்க்கட்டி ஆகிறது. 1996இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்காரர்கள் கட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, உள்சுவர் செல்களைச் சோதித்துக் காட்டியது இதைத்தான்: ஒரு கட்டியின் செல்கள் எல்லாம் ஒரே செல்லின் வாரிசுகள், கட்டிகளில் சிலவற்றில் நல்ல பிரதி காணாமல் போயிருந்தது.

ஆக, வம்சாவளியில் டாமினன்ட், செல்லில் ரிசெஸிவ் (இரண்டு பிரதியும் கெட்டால்தான் வரும் ரகம்). குறைவான நெஃப்ரானில் வருவதும் தாமதமாக வருவதும் இதனால்தான். இரண்டாவது அடி விழுவது லாட்டரி மாதிரி. சீட்டு ஏராளம், விழுவது சிலதுக்கு.

ஜனவரி 13, காலை 6.50 – கல்லுப்பு

ராத்திரி எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். "நல்ல பிரதி போனது, கட்டி வந்தது" என்று ஸ்விட்ச் போட்ட மாதிரி எழுதிவிட்டேன். அது ஸ்விட்ச் இல்லை, ரேடியோவின் வால்யூம் குமிழ் மாதிரி.

ஆர்3277சி என்று பிகேடி1இல் ஒரு பிழை உண்டு. புரதம் மொத்தமாக இல்லாமல் போவதில்லை, சரியாக மடியாமல் குறைந்த அளவே போய்ச் சேருகிறது. இந்தப் பிழை ஒரு பிரதியில் மட்டும் இருந்தால் ஓரிரண்டு கட்டியோடு முடிந்துவிடலாம். இரண்டு பிரதியிலும் இருந்தால் வழக்கமான பெரியவர்கள் நோய். ஒரு பிரதியில் இதுவும் மறுபிரதியில் முழுசாகக் கெட்ட பிழையும் சேர்ந்தால் குழந்தைக்குக் கருவிலேயே பெரிய கிட்னி. அளவு ஒரு கோட்டுக்குக் கீழே போனால் கட்டி. எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு சீக்கிரம். எலியில் பிகேடி1ஐ அளவுக்கு மேல் ஓட விட்டாலும் கட்டி வருகிறது என்பது இன்னொரு தலைவலி.

மணற்கேணி கேட்ட "நாற்பது வயதுவரை சத்தமில்லை"க்கும் திருத்தம். கட்டி சின்ன வயதிலேயே இருக்கிறது, ரத்தக் கழிவான கிரியாட்டினின்தான் (கிட்னி தளர்ந்தால் ஏறும்) பேசாமல் இருக்கிறது. மிச்சமுள்ள நெஃப்ரான்கள் கூடுதலாக உழைத்துக் கணக்கைச் சரிக்கட்டுகின்றன. கிரியாட்டினின் ஏறும்போது கிட்னியின் உருவமே மாறியிருக்கும். முதலில் பேசுவது பெரும்பாலும் பிரஷர்.

ஜனவரி 13, பிற்பகல் – மணற்கேணி

அப்படியென்றால் இரண்டு பிரதியையும் ஒரேயடியாக எடுத்துவிட்டால் எல்லா நெஃப்ரானும் கட்டியாகுமா? எலியில் செய்து பார்த்திருப்பார்களே.

ஜனவரி 13, இரவு – கல்லுப்பு

பார்த்தார்கள். 2007இல் வந்த விடை எனக்கு இந்த நோயிலேயே மிகவும் பிடித்தது. எலி பிறந்து 13 நாளுக்கு முன் பிகேடி1இன் இரண்டு பிரதியையும் அணைத்தால் மூன்றே வாரத்தில் கிட்னி முழுக்கக் கட்டி. 14ஆம் நாளோ அதற்குப் பிறகோ அணைத்தால் ஐந்து மாதம் ஆகிறது. ஜீன் ஒன்றே, வெட்டும் ஒன்றே. நடுவில் ஒரு நாள்.

அந்த நாட்களில் எலிக் கிட்னி வளர்ச்சியை முடித்து அடங்குகிறது. வளர்கிற குழாயில் ஜீனை எடுத்தால் தடம்புரள்கிறது, வளர்ந்து அடங்கிய குழாய் நிதானமாகத் தாங்குகிறது. அடங்கிய கிட்னிக்கும் ரத்த ஓட்டத்தை நிறுத்தியோ நச்சு கொடுத்தோ காயம் உண்டாக்கினால், ஆற்றுவதற்காகச் செல்கள் மறுபடி பெருகும்போது கட்டிகள் வேகமெடுக்கின்றன. இதை மூன்றாவது அடி என்பார்கள்.

ஜனவரி 15 – கல்லுப்பு

சிலியா பற்றித் தனியாகக் கேட்டிருந்தார்கள்.

குழாய் செல் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே ஒரு மயிரிழை உள்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் சிலியா. அது ஆடி அசைந்து எதையும் தள்ளுவதில்லை, சும்மா நிற்கும். பல காலம் அதைக் குடல்வால் மாதிரி உதவாத உறுப்பு என்றுதான் நினைத்தார்கள். மாற்றியது ஒரு புழு. 1999இல் சீ எலிகன்ஸ் என்ற மில்லிமீட்டர் நீளப் புழுவில் பிகேடி1க்கு உறவான ஜீன் கெட்டபோது ஆண் புழுவுக்குத் துணைப் புழுவின் மேல் இணையும் இடம் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். அந்த ஜீன் வேலை செய்த இடம் நரம்பு செல்லின் சிலியா. அடுத்த வருடமே, குளத்துப் பாசி ஒன்றில் வால் வளரத் தேவைப்படும் ஜீனும், கட்டி வந்து சாகும் ஓர் எலி வகையில் கெட்டிருந்த ஜீனும் ஒன்றுதான் என்று தெரிந்தது. அந்த எலியின் கிட்னியில் சிலியா குட்டையாக இருந்தது. கிட்னி நோயின் மூலத்தைப் புழுவின் காதல் தோல்வியும் பாசியின் வாலும் சொல்லிக்கொடுத்தன.

பிகேடி1 தரும் பாலிசிஸ்டின்-1, பிகேடி2 தரும் பாலிசிஸ்டின்-2 இரண்டும் சிலியாவில் சேர்ந்து உட்காருகின்றன. ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம். இரண்டு ஜீன்களும் ஒரே நோயைத் தருவதற்குக் காரணம் இதுதான். ஒரே பூட்டின் இரண்டு பாகங்கள்.

ஜனவரி 15, ஒரு மணி நேரம் கழித்து – கல்லுப்பு

"சிறுநீர் ஓட்டத்தில் சிலியா வளைகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, அது நின்றுபோனால் கட்டி" என்ற விளக்கம் இன்னும் பாதிப் புத்தகங்களில் இருக்கிறது. 2003இல் வந்தபோது அழகாகத்தான் இருந்தது. 2016இல் சிலியாவுக்குள்ளேயே கால்சியத்தை அளந்து பார்த்தவர்கள் வளைத்தால் அப்படி எதுவும் பாயவில்லை என்றார்கள். அதற்கு முன்பே, 2013இல், இன்னொரு இடி: பாலிசிஸ்டினை எடுத்த எலியில் சிலியாவையும் சேர்த்து எடுத்தால் கட்டி குறைகிறது. அதாவது சிலியாவிலிருந்து "வளர்" என்று ஏதோ ஓர் உத்தரவு வருகிறது, பாலிசிஸ்டின் அதன் வாயைப் பொத்தி வைத்திருக்கிறது. பொத்துகிற கை போய்விட்டால் கூச்சல். வாயையே எடுத்துவிட்டால் கூச்சலும் இல்லை. அந்த உத்தரவு எந்த மூலக்கூறு என்று இன்னும் உறுதியாகவில்லை. யாராவது உறுதியாகப் பெயர் சொன்னால் நம்பாதீர்கள்.

ஜனவரி 18 – கல்லுப்பு

மருந்து எங்கே நுழைகிறது என்றால், இதற்கு ஒரு படி கீழே. பாலிசிஸ்டின் இல்லாத செல்லில் சைக்ளிக் ஏஎம்பி (செல்லுக்குள் செய்தி சுமக்கும் மூலக்கூறு) ஏறிக் கிடக்கிறது. அது இரண்டு வேலை செய்கிறது: செல்லைப் பெருகச் சொல்கிறது, குளோரைடு வாசலைத் திறக்கிறது. குளோரைடு கட்டிக்குள் போக, சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே போகின்றன. கட்டி கொஞ்சம் பெருத்ததும் தாய்க் குழாயிலிருந்து அறுந்து தனிப் பையாகிவிடுகிறது. அதன் பிறகு உள்ளே வருவது வடிகட்டிய சிறுநீர் இல்லை, சுவர் செல் சுரக்கும் நீர்.

சேகரிப்புக் குழாயில் சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றுகிற பெரிய கை வாசோபிரெசின், தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் ஹார்மோன். அதன் வி2 ஏற்பியை அடைப்பது டால்வாப்டன் மாத்திரை. 2012இல் வெளிவந்த மூன்று வருடச் சோதனையில் 1,445 பேர். கிட்னி வருடத்துக்கு 5.5 சதவீதம் பெருக்க வேண்டியது 2.8 ஆனது. குணமில்லை, பிரேக்.

நடைமுறை: காலை 45 மி.கி., எட்டு மணி நேரம் கழித்து 15. தாங்கினால் 60/30, பிறகு 90/30. வாசோபிரெசினை அடைத்தால் சிறுநீர் நாளைக்கு ஐந்து ஆறு லிட்டர் போகும், அதே அளவு குடிக்க வேண்டும். இரண்டாவது மாத்திரையைத் தள்ளிப்போட்டால் ராத்திரித் தூக்கம் போச்சு. உப்பைக் குறைத்தால் லிட்டரும் குறையும். வெளியேற்ற வேண்டிய உப்பும் யூரியாவும்தான் அளவைத் தீர்மானிக்கின்றன. இதைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் கொடுத்தால் பலர் ஒரு மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். வாந்தி, பேதி, தண்ணீர் கிடைக்காத பயணம் என்றால் மருந்தை நிறுத்தி வைக்க வேண்டும். ஈரல் பரிசோதனை தொடங்கும் முன், 2ஆம் வாரம், 4ஆம் வாரம், பிறகு 18 மாதம் மாதாமாதம், அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. க்ளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), கீட்டோகொனசோல் (பூஞ்சை மருந்து) போன்றவை இதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பல் டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 18, இரவு – கல்லுப்பு

எல்லோருக்கும் கொடுப்பதில்லை. கிட்னி வேகமாகப் பெருக்கிறவர்களுக்குத்தான். வேகத்தை எப்படிக் கணக்கிடுவது என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு, கைக்கணக்கு:

எம்ஆர்ஐ அல்லது சிடியில் ஒரு கிட்னியின் நீளம் 16 செ.மீ., அகலம் 8, ஆழம் 7 என்று வைப்போம். மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் 466 மில்லி. மற்றதும் அதே அளவென்றால் மொத்தம் சுமார் 930. உயரம் 1.65 மீட்டர், வகுத்தால் மீட்டருக்கு 565. மேயோ கிளினிக்காரர்களின் கணக்கில் எல்லோரும் 150இல் தொடங்கி வட்டிக்கு வட்டி மாதிரி வளர்கிறார்கள் என்று ஒரு பாவனை. 150 எப்படி 35 வயதில் 565 ஆகும்? வருடத்துக்கு ஏறக்குறைய 3.9 சதவீதம். 1.5க்குக் கீழே 1ஏ வகுப்பு, 3 வரை 1பி, 4.5 வரை 1சி, 6 வரை 1டி, மேலே 1இ. இவர் 1சி. மருந்தைப் பற்றிப் பேச வேண்டிய ஆள். இதே 565 ஒருவருக்கு 60 வயதில் இருந்தால் 2.2 சதவீதம், 1பி, அவசரமில்லை. அளவு ஒன்றே, வயதுதான் வகுப்பை மாற்றுகிறது.

ஒரு பக்கம் மட்டும் கட்டி, அல்லது நாலைந்து ராட்சதக் கட்டி மட்டும் என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

ஜனவரி 21 – நுண்குழல்

ஜீன் பரிசோதனை பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை, கல்லுப்பு இதை விட்டுவிட்டார். பிகேடி1ஐப் படிப்பது மற்ற ஜீன்களைப் படிப்பது போல இல்லை. 16ஆம் குரோமோசோமிலேயே அதற்கு ஆறு போலிப் பிரதிகள் இருக்கின்றன. மொத்தம் 46 எக்ஸானில் (புரதத்துக்கான எழுத்துள்ள ஜீன் துண்டு) முதல் 33 வரை 97, 98 சதவீதம் அச்சு அசல். 150 எழுத்துத் துண்டுகளாக வெட்டிப் படிக்கும் இயந்திரத்துக்கு ஒரு துண்டு அசலிலிருந்து வந்ததா போலியிலிருந்து வந்ததா என்று தெரியாது. இரண்டு விதமாகத் தவறு நடக்கும்: போலியில் உள்ள எழுத்தை அசலின் பிழை என்று சொல்லும், அல்லது அசலின் பிழையைப் போலியின் கூட்டத்தில் கரைத்துவிடும். பழைய வழி, அசலில் மட்டும் ஒட்டும் ப்ரைமர் (சின்ன டிஎன்ஏ துண்டு) வைத்து நீளமாகப் பெருக்கிக்கொண்டு பிறகு படிப்பது. எக்ஸான் 1இல் ஜி, சி எழுத்துகள் நெருக்கம், அங்கே படிப்பு அடிக்கடி படுத்துவிடும். முழு எக்ஸானே காணாமல் போயிருந்தால் எழுத்துப் படிப்பில் தெரியாது, துண்டுகள் எத்தனை பிரதி இருக்கின்றன என்று எண்ணும் எம்எல்பிஏ சோதனையைத் தனியாகப் போட வேண்டும்.

ஆகவே "எக்ஸோம் (எல்லா ஜீன்களின் எக்ஸான்களையும் சேர்த்துப் படிக்கும் சோதனை) எடுத்தோம், பிகேடி1 சுத்தம்" என்ற ரிப்போர்ட்டைக் கண்டால் முதல் கேள்வி: போலிகளை எப்படி ஒதுக்கினீர்கள்?

ஜனவரி 21 – கல்லுப்பு

நன்றி, ஏற்றுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டையும் சொல்லியிருக்கலாம். பிகேடி1க்கு வால் ஒட்டி டிஎஸ்சி2 என்ற ஜீன் இருக்கிறது. ஒரே வெட்டில் இரண்டும் போனால் குழந்தையிலேயே கடுமையான நீர்க்கட்டியும் டியூபரஸ் ஸ்க்லெரோசிஸும் (பல உறுப்புகளில் கட்டி வளரும் நோய்) சேர்ந்து வரும். பிகேடி1 பிடிபட்டதே இந்த அண்டை வீட்டு உறவால்தான். ஒரு போர்த்துகீசியக் குடும்பத்தில் 16ஆம் குரோமோசோமுக்கும் 22ஆம் குரோமோசோமுக்கும் இடையே துண்டு மாறியிருந்தது. தாய்க்கும் மகளுக்கும் நீர்க்கட்டி, துண்டு சமமாக மாறாத மகனுக்கு டியூபரஸ் ஸ்க்லெரோசிஸ். முறிந்த இடத்தில் போய்த் தேடினார்கள், ஜீன் கிடைத்தது.

ஜனவரி 24 – கல்லுப்பு

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் எத்தனை கட்டி இருந்தால் நோய் என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. பெற்றோருக்கு நோய் உறுதியான குடும்பத்தில் மட்டும் இந்த எண் பொருந்தும். 15 முதல் 39 வயது: இரண்டு கிட்னியிலும் சேர்த்து மூன்று. 40 முதல் 59: ஒவ்வொன்றிலும் இரண்டு. 60க்கு மேல்: ஒவ்வொன்றிலும் நாலு. குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஐம்பது வயதுக்காரருக்கு ஸ்கேனில் இரண்டு கட்டி தெரிந்தால் அது பெரும்பாலும் வயதுக் கட்டி. அதற்கு இந்த அட்டவணையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டாம்.

மாட்டுகிற இடம் கிட்னி தானம். 1994ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டம் முதலில் நெருங்கிய உறவைத்தான் பார்க்கச் சொல்கிறது. இந்த நோயில் நெருங்கிய ரத்த உறவில் பாதிப்பேர் சந்தேகத்தில் இருப்பவர்கள். 26 வயதுத் தம்பிக்கு அல்ட்ராசவுண்ட் சுத்தம் என்பது போதாது. அந்த வயதில் சின்னக் கட்டிகள் அதில் தெரியாமல் போகலாம், பிகேடி2 குடும்பமென்றால் இன்னும் அதிகம். எம்ஆர்ஐ எடுத்து மொத்தம் ஐந்துக்குக் குறைவாக இருந்தால் விலக்கலாம், பத்துக்கு மேல் என்றால் நோய். அண்ணனின் பிழை எதுவென்று தெரிந்திருந்தால் தம்பியில் அந்த ஒரே எழுத்தைத் தேடினால் போதும், விவாதமே இல்லை. அதனால்தான் முதலில் நோயாளியைச் சோதியுங்கள், ஆரோக்கியமானவரை அல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்வது. கணவன் மனைவியும் சட்டப்படி நெருங்கிய உறவுதான். இந்த நோயில் அது பெரிய வசதி.

ஜனவரி 29 – மணற்கேணி

அப்போது என் வாதம் ஜெயித்தது. வம்சாவளியில் டாமினன்ட், செல்லில் ரிசெஸிவ். எல்லா டாமினன்ட் கிட்னி நோயும் இப்படித்தானே?

ஜனவரி 29, இரவு – கல்லுப்பு

ஜெயித்த கொடியை இறக்குங்கள். செல்லுக்குள்ளும் டாமினன்டாக இருக்கிற நோய் உண்டு. யூமோட்.

யூமோட் ஜீன் தரும் யூரோமோடுலின் என்ற புரதத்தைத் தயாரிப்பது நெஃப்ரான் குழாயில் ஹென்லே வளைவின் தடித்த மேலேறும் பகுதி. சாதாரண மனிதரின் சிறுநீரில் அதிகமாக இருக்கும் புரதம் அதுதான். அதில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் 48, ஜோடி ஜோடியாகக் கைகோத்து 24 பாலங்கள். ஒரு பிழை ஒரு சிஸ்டீனை எடுத்துவிட்டால் அதன் ஜோடி தனியாக நின்று, போகிற வருகிறதையெல்லாம் பிடிக்கிறது. புரதம் மடியாமல் எண்டோபிளாஸ்மிக் வலைக்குள்ளேயே (செல்லில் புரதம் மடியும் இடம்) சிக்கி, செல் மெல்ல மெல்லத் திணறுகிறது. நல்ல பிரதி நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தும் பயனில்லை. குடம் பாலில் துளி விஷம். மீதிப் பால் நல்ல பால்தான் என்று சொல்லி என்ன லாபம்? இரண்டாவது அடிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அந்தப் பகுதியின் எல்லா செல்லும் முதல் நாளிலிருந்தே சுமக்கிறது.

கிட்னி பெருப்பதில்லை, சுருங்குகிறது. யூரின் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும்: புரதம் இல்லை, ரத்தம் இல்லை. துப்பு வேறு இடத்தில்: இருபது வயதில் கௌட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலி). அந்தப் பகுதி உப்பைச் சரியாக இழுக்காததால் உடம்பு லேசாக வறண்டு, முன்பகுதிக் குழாய் எல்லாவற்றையும் கூடுதலாக இழுக்கிறது, யூரிக் அமிலத்தையும் சேர்த்து. வடிகட்டிய யூரிக் அமிலத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். சிறுநீர் யூரிக் அமிலம் 20, ரத்தக் கிரியாட்டினின் 1.2, பெருக்கினால் 24. ரத்த யூரிக் அமிலம் 9, சிறுநீர்க் கிரியாட்டினின் 80, பெருக்கினால் 720. 24ஐ 720ஆல் வகுத்தால் 3.3 சதவீதம். ஐந்துக்குக் கீழே, இளவயது, அப்பாவுக்கும் இதே கதை என்றால் யூமோட் கேளுங்கள்.

ஜனவரி 30 – நுண்குழல்

யூமோட் இல்லையென்று வந்தால் எம்யூசி1 என்ற ஜீனைக் கேளுங்கள். அதை வழக்கமான எக்ஸோமில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. 60 எழுத்து வாக்கியம் ஒன்று 20 முதல் 125 தடவை வரிசையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அதில் எங்கோ ஒரு வாக்கியத்தில் ஏழு சி இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. ஒரே வரியை நூறு தடவை இம்போசிஷன் எழுதிய நோட்டில் ஒரு வரியில் மட்டும் ஓர் எழுத்து கூடினால் எப்படிக் கண்டுபிடிப்பது? 2013இல்தான் பிடித்தார்கள். அதற்கென்றே தனிச் சோதனை செய்கிற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஜனவரி 30 – கல்லுப்பு

அந்த ஓர் எழுத்தால் அதன் பிறகு வரும் எல்லாச் சொல்லும் மாறி, செல்லுக்கே தெரியாத குப்பைப் புரதம் உருவாகிறது. டிமெட்9 என்ற சரக்கு ஏற்பி அதைப் பிடித்து வைத்துக்கொண்டு விடுவதில்லை, பைகள் குவிகின்றன. 2019இல் அந்தப் பிடியை விடுவித்து, குப்பையை லைசோசோமுக்கு (செல்லின் குப்பை அரைக்கும் பை) தள்ளும் ஒரு மூலக்கூறை எலியிலும் செல்லிலும் காட்டினார்கள். கடை மருந்தாக எதுவும் இல்லை.

பிப்ரவரி 4 – கல்லுப்பு

மூன்றாவது ரகத்தைச் சொல்லாமல் விட்டால் குறை. ஆல்போர்ட். இங்கே புரதம் இல்லாமலும் போகலாம், விஷமாவதும் கிடையாது. கட்டட வேலையே கோளாறு. கிட்னியின் வடிகட்டிச் சல்லடையின் அடித்தளச் சவ்வில் முதலில் ஆல்ஃபா 1-1-2 கொலாஜன் இழை இருக்கும். குழந்தை வளரும்போது அதை எடுத்துவிட்டு ஆல்ஃபா 3-4-5 இழை போட வேண்டும். மூன்று சரடு சேர்ந்து முறுக்கிய கயிறு அது. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் (மிகச் சிறிய அமினோ அமிலம்), ஏனென்றால் முறுக்கின் நடுவில் கிளைசின் அளவுக்குத்தான் இடம். அங்கே அதைவிடப் பருமனான ஒன்று வந்தால் முறுக்கு விழாது. மூன்றில் ஒரு சரடு கெட்டால் மற்ற இரண்டும் சேர்ந்தே வீணாகின்றன. பழைய 1-1-2 இழையே காலத்துக்கும் தங்கி, அழுத்தத்தைத் தாங்காமல் சவ்வு பிளந்து கூடைப் பின்னல் போலாகிறது. அதே இழை காதிலும் கண்லென்ஸ் உறையிலும் உண்டு. அதனால்தான் கிட்னிக்காரரிடம் காது சோதனைக் கடிதம்.

கெடுவது பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோமில் உள்ள சிஓஎல்4ஏ5 ஜீன். ஆண்களில் பாதிப்பேர் 25 வயதுக்குள் டயாலிசிஸ், 40க்குள் தொண்ணூறு சதவீதம். அம்மாவை "கேரியர்" என்று சொல்வதை நிறுத்த வேண்டும். அவருக்கும் சிறுநீரில் ரத்தம் உண்டு, பெண்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் 40 வயதுக்குள் கிட்னியை இழக்கிறார்கள். மகனுக்குக் கிட்னி கொடுக்கத் துடிப்பவரும் அவர்தான். கொடுத்தபின் மிச்சமிருக்கும் ஒற்றைக் கிட்னிக்கும் அதே சவ்வுதான்.

ஏசிஇ தடுப்பு மாத்திரையை (பிரஷர் மருந்து) ஆண் குழந்தைக்கு ஒரு வயது, இரண்டு வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள், புரதம் கசியும்வரை காத்திருக்காமல். மாற்றுக் கிட்னி வைத்தால் நோய் திரும்புவதில்லை. ஆனால் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு, பார்த்தே அறியாத கொலாஜனைக் கண்டு உடம்பு எதிர்ப்புப் பொருளைக் கிளப்பிவிடும்.

பிப்ரவரி 6 – கல்லுப்பு

"சொந்தத்தில் கட்டியதால் பிகேடி வந்ததா?" இல்லை. டாமினன்டுக்குச் சொந்தம், அசல் எல்லாம் ஒன்றுதான், பிள்ளைக்குப் பாதி வாய்ப்பு. சொந்தம் ஆட்டம் போடுவது ரிசெஸிவில். நூறு பேரில் ஒருவர் ஒரு கெட்ட பிரதியைச் சுமக்கிறார் என்று வைத்தால், அசலில் கட்டினால் நாற்பதாயிரத்தில் ஒரு குழந்தை. அத்தை மகள், மாமன் மகள் என்றால் மூவாயிரத்தில் ஒன்று. தாய்மாமன் என்றால் ஆயிரத்து ஐந்நூற்றைம்பதில் ஒன்று. நோய் எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு பெரிசாக இந்த வித்தியாசம் தெரியும்.

அப்படி வருவதில் ஆளை ஏமாற்றுவது நெஃப்ரானோஃப்தைசிஸ். பலருக்கு என்பிஎச்பி1 ஜீன் இரண்டு பிரதியிலும் துண்டாகவே காணாமல் போயிருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை சொம்பு சொம்பாய்த் தண்ணீர் குடிக்கும், படுக்கையை நனைக்கும், வெளுத்திருக்கும். யூரின் ரிப்போர்ட் சுத்தம், பிரஷர் இல்லை. "செல்லம் அதிகம், பூச்சி மருந்து கொடுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். கிரியாட்டினின் கேட்க யாருக்கும் தோன்றாது. இதுவும் சிலியாப் புரதம்தான், ஆனால் கிட்னி பெருப்பதில்லை.

பிப்ரவரி 11 – மணற்கேணி

சரி, வாதத்தை மாற்றிக்கொள்கிறேன். டாமினன்ட் என்று ரிப்போர்ட்டில் இருந்தால், "நல்ல பிரதி இருந்தும் ஏன் நோய்?" என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும். மூன்று பதில் இருக்கிறது: அதுவும் போய்விட்டது, அதைப் பக்கத்துக் குப்பை மூச்சடைக்கிறது, அது தனியாகக் கயிறு திரிக்க முடியாது.

பிப்ரவரி 11 – கல்லுப்பு

மூன்றாவது எக்ஸில் உள்ள ஆணுக்குப் பொருந்தாது, அவருக்கு நல்ல பிரதியே கிடையாது. மற்றபடி சரி.

நாலாவது விசித்திரமும் உண்டு: வடிகட்டிச் சல்லடையின் புரதமான போடோசினின் ஜீனில் ஆர்229க்யூ என்ற மாற்றம். இரண்டு பிரதியிலும் அதுவே இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. மறுபிரதியில் ஜீனின் கடைசிப் பகுதியில் சில குறிப்பிட்ட பிழைகள் இருந்தால் மட்டும், அந்தப் பிழையுள்ள புரதம் ஆர்229க்யூ புரதத்தோடு ஜோடி சேர்ந்து அதை இழுத்துத் தவறான இடத்தில் உட்கார வைக்கிறது. கல்யாணம் ஆனபிறகுதான் குணம் தெரியும் ரகம். ரிப்போர்ட்டில் இது தனியாக வந்தால் பயப்பட வேண்டாம், எதனுடன் வந்திருக்கிறது என்று பாருங்கள்.

பிப்ரவரி 12, காலை – கல்லுப்பு

ஜனவரி 29இன் யூரிக் அமிலக் கணக்கில் ஒரு நிபந்தனையை எழுதாமல் விட்டேன். பிரஷருக்கு டையூரெட்டிக் (சிறுநீரைக் கூட்டும்) மாத்திரை சாப்பிடுகிறவரிடம் அதைப் போட வேண்டாம். மாத்திரையே உடம்பை வறளச் செய்து யூரிக் அமிலத்தைத் தேக்கும், 3.3 என்று வரும், யூமோட் இல்லாமலே.